பேச்சிச்செல்வி சத்தம் குறைத்த கதை

பேச்சிச்செல்வி தன் நாற்பத்தாறாவது வயதில்தான் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தன் இஷ்டத்துக்குக் கேட்டாள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் ரேடியோ அப்பாவுடையது. செய்தி நேரம் வந்தால் பல்லவியோடு பாட்டை நறுக்கிவிடுவார். கட்டிக்கொண்டு வந்த இடத்தில் டிவி ரிமோட் புருஷனின் தலையணைக்கு அடியில் கிடந்தது. அவன் இறந்து, மகளும் கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனபிறகு, முத்தையாபுரத்தில் ஒரு வளவில் வீடு பிடித்தாள். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக ஆறு வீடுகள். பத்தொன்பது வயதிலிருந்து அவள் வேலை பார்க்கும் நூல் மில்லுக்கு அங்கிருந்து ஒரே பஸ்.

அந்தத் தீபாவளிக்கு போனஸ் வந்ததும் நேரே டவுனுக்குப் போய், இரண்டு உயரப் பெட்டியும் ஒரு தடித்த பெட்டியும் சேர்ந்த ஸ்பீக்கர் செட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சுவரோரமாக வைத்து, சத்தத்தை முப்பத்தைந்துக்கு ஏற்றி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அன்றைக்குச் சோறுகூட வடிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் எபனேசர் என்று ஒரு பையன் குடியிருந்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலில்தான் படுப்பான். மனைவி ஜெபக்கனி, நான்கு மாதக் கைக்குழந்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் கொறைங்கக்கா. தூங்க முடியல."

"சரி தம்பி" என்று இரண்டு புள்ளி குறைத்தாள். அடுத்த வாரமும் வந்தான். இன்னும் இரண்டு குறைத்தாள். மூன்றாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வீட்டுக்குள்ள நான் கேக்கேன். தெருவுல குழாய் ஸ்பீக்கரா கட்டிருக்கேன்?"

விஷயம் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போயிற்று. அவர் வாசலில் நின்றே, "ஏளா செல்வி, ஒண்ணு சத்தத்தக் கொறை, இல்லன்னா வேற வீடு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சிச்செல்வி அழவில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டுப் போடவும் மனசு வரவில்லை. ஆயுசுக்கும் மற்றவர் வைத்த பாட்டைக் கேட்டவள் தன் பாட்டைக் கேட்டதும் ஊருக்கு வலிக்கிறதா என்று இருந்தது.

மறுநாள் சாயந்தரம், எபனேசர் ஷிப்டுக்குப் போனபிறகு, ஜெபக்கனிதான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா, சண்டைக்கு வரல. நீங்க பாட்டப் போட்டுட்டு எங்க வீட்டுல வந்து ஒருக்கா ஒக்காந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி."

பேச்சிச்செல்விக்கு அது நியாயமாகப் பட்டது. வழக்கம்போலப் பாட்டை வைத்துவிட்டு அந்த வீட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். சுவர் வழியாக வந்தது பாட்டே இல்லை. ராகமும் இல்லை, சொல்லும் இல்லை; தும், தும் என்று இடி மட்டும். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. குழந்தை ஒவ்வொரு இடிக்கும் கையை விரித்துத் துள்ளியது.

"அடப்பாவமே. இதையா இந்தப் பிள்ள தெனம் கேக்கு?"

எழுந்து ஓடினாள். தடித்த பெட்டியைச் சுவரை விட்டு நடு அறைக்கு இழுத்துப் போட்டாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து கேட்டாள். திரும்பப் போய்க் குறைத்தாள். வளவுப் பெண்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "இன்னும் கொற!" "போதும், போதும்!" என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். பன்னிரண்டில் வந்து நின்றது. ஜெபக்கனி வீட்டில் தம்ளர் ஆடவில்லை. குழந்தை விரல் சப்பிக்கொண்டு கிடந்தது.

சிரித்துக்கொண்டே பேச்சிச்செல்வி தன் வீட்டுக்குள் வந்தாள். வந்தவள் முகம் மாறிப்போயிற்று.

"ஏளா ஜெபக்கனி, இதுல என்னத்தக் கேக்க? யாரோ கெணத்துக்குள்ள இருந்து முனங்குத மாதிரில்லா இருக்கு."

பின்னாலேயே வந்த ஜெபக்கனி வியப்பாகப் பார்த்தாள். "நல்லாத் தெளிவாக் கேக்குதேக்கா. இந்தா, புல்லாங்குழல் வருதுல்லா?"

"புல்லாங்குழலா? இந்தப் பாட்டுலயா?"

ஜெபக்கனி பாட்டை நிறுத்தினாள். பிறகு அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை கத்தியபோதுதான் பேச்சிச்செல்வி திரும்பினாள்.

பெரியாஸ்பத்திரிக்கு இருவருமாகப் போனார்கள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் வந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவள் அமுக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மெஷினை இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதித்த பெண் நிதானமாகப் பேசினாள். "மில்லுல பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்கம்மா?"

"பேச்சே கெடையாது, கைச் சைகைதான். கத்துனாலும் கேக்காது."

"கை நீட்டுற தூரத்துல இருக்கிறவங்ககிட்ட கத்தித்தான் பேசணும்னா அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. வீட்டுல பாட்டுக்கும் அதே கணக்குதான். உங்களுக்குப் போனது திரும்பாதும்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்."

வேலை விட்டு வந்ததும் காதுக்குள் சிள்வண்டு கத்துவது உலகத்தில் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று பேச்சிச்செல்வி இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். கையில் கிடைத்த பாட்டு காதை விட்டுப் போகிறதே என்ற பயம் முதலில் வந்தது. முத்தையாபுரத்தில் இறங்கும்போது பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது.

காது மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது வருவதற்குள் மில்லில் சூப்பர்வைசர் சிவப்பிரகாஷிடம் போய், காதில் வைக்கிற அடைப்பான் வேண்டும் என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "பஞ்சு மில்லுல பஞ்சுக்கா பஞ்சம்? எடுத்துக் காதுல வச்சுக்கிடுங்க."

"பஞ்சு தாங்காதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க சார். அதுக்குன்னு செஞ்சது இருக்காம்."

"ஒங்க ஒருத்திக்காக எல்லாம் வாங்க முடியாது."

அவள் வாதாடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூட்டி, "இன்னைக்கு வீட்டுல டிவிய எத்தனையில வைக்கீங்கன்னு பாருங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கு எத்தனை போதும்னு கேட்டுட்டு வாங்க" என்றாள். மறுநாள் வந்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயது இசக்கியம்மாள், "எம் மாமியா சத்தத்தப் பத்தித் தெனம் திட்டும்க்கா. நான் அது எரிச்சல்ல பேசுதுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பகல் ஷிப்டுக்கு மணி அடித்தது. பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. மெஷின் ஹால் வாசலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், மொத்தமாக நின்றார்கள். சிவப்பிரகாஷ் வந்து அதட்டிப் பார்த்தான். பிறகு மேனேஜரே வந்தார்.

"என்னம்மா, எதுக்கு நிக்கிறீங்க?"

முன்னால் நின்ற பேச்சிச்செல்வி காதில் கையைக் குவித்தாள். "கேக்கல சார்."

"எதுக்கு நிக்கிறீங்கன்னு கேட்டேன்!"

"கேக்கல சார், சத்தமாச் சொல்லுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

அவர் கத்தினார். பின்வரிசையிலிருந்து, "இன்னும் கேக்கல சார்!" என்று வந்தது. அதற்கப்புறம் அத்தனை பேரும் காதில் கையைக் குவித்துக்கொண்டு, "கேக்கல சார்! கேக்கல சார்!" என்றார்கள். மேனேஜருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை கட்டி, இருமல் வந்து, நிறுத்தினார். அந்த இருமலில்தான் இது மெஷின் சத்தத்தில் காது போன விஷயம் என்று அவருக்கு விளங்கியது. சிவப்பிரகாஷைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலை குனிந்தான்.

அவர் குரலை இறக்கினார். "சரி. என்ன வேணும்?"

"இது கேக்குது சார்" என்றாள் பேச்சிச்செல்வி. மரத்தடியே சிரித்தது.

அந்த வாரக் கடைசியில் ஆளுக்கொரு ஜோடி அடைப்பான் வந்தது. மாதம் திரும்புவதற்குள் ஒரு வேனில் காது பரிசோதிக்கிறவர்களும் வந்தார்கள். இனி வருஷா வருஷம் வருவார்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இசக்கியம்மாளுக்குச் சேதம் கொஞ்சம்தான். இப்போதே தெரிந்தது நல்லது என்றார்கள். அவள் பேச்சிச்செல்வியைக் கட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். வெட்கத்தில் பேச்சிச்செல்வி அவளை, "சீ, போளா" என்று தள்ளிவிட்டாள்.

காது மெஷின் ஒரு வழியாகக் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு அதே பன்னிரண்டில் பாட்டு வைத்தாள். உப்பு லாரி போகிற சத்தம், காக்காய், யார் வீட்டிலோ தாளிக்கிற சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மோதியதில் முதலில் மிரண்டுபோனாள். பிறகு பாட்டு அவற்றிலிருந்து விலகித் தனியாக வந்தது. புல்லாங்குழல் வந்தது. இரண்டாவது சரணத்தில் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் எபனேசரின் குறட்டை சீராக ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து நின்றார். இவளுக்குக் காது மந்தம் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏளா செல்வி! இப்பம் எப்படி இருக்கு? இங்கனயே இருந்துக்க, வேற வீடெல்லாம் பாக்காண்டாம்!" என்று கத்தினார்.

பேச்சிச்செல்வி எழுந்து போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா அண்ணாச்சி. பக்கத்து வீட்டுல தம்பி தூங்குதான். எனக்கு நல்லாக் கேக்கு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "வாங்க, ஒக்காருங்க" என்று உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.