தொட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பொருள்களைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. இதைச் சொன்னால் அணுகுண்டுக்குக் காவல் இருந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே ஈயக் கட்டிகள், ஈயச் சட்டிகள், ஓர் இரும்பு அலமாரி. எந்தப் பொருள் வெளியே போனது, யார் எடுத்தார்கள், திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதைக்கூட ஒழுங்காகச் செய்ய விடமாட்டார்கள்.

விடாதவர்கள் எல்லோரும் படித்தவர்கள். ஒருவர் கதிரியக்க மருந்துக் குப்பியைக் குளிர்பெட்டியில் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "மூடித்தானே இருக்கு?" என்றார். இன்னொருவர் என் அறை தூரம் என்று சொல்லி, எடுத்த பொருளை மேசை இழுப்பறையில் பேனாக்களோடு போட்டு வைத்தார். நான் கத்துவேன். 'கத்துற ஆளு' என்றே எனக்குப் பெயர். கத்தாமல் சொன்ன எதையும் அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணியல் துறைக்கு ஒரு கருவி வந்தது. மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கும் கருவி. கனமான பெட்டி, அதற்குள் ஒரு கம்பியின் முனையில் விரல் அளவு கதிரியக்கப் பொருள். தரையில் குழாயைப் புதைத்து, கம்பியை அதற்குள் இறக்கி அளப்பார்கள். முடிந்ததும் கம்பியை மேலே இழுத்துப் பெட்டிக்குள் பூட்டிவிடலாம். பெட்டி பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். பக்கத்திலேயே குடியிருக்கக் கூடாது. இதற்கு மேல் அதில் பாடம் எதுவும் இல்லை.

கருவியை வாங்கிய விரிவுரையாளரும் தமிழர்தான். பட்டணத்தில் பிறந்து, வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தேயிலைச் சரிவுகளில் மழைநீர் எவ்வளவு தங்குகிறது என்று ஆராயக் கேமரன் மலைக்குப் போவதாகச் சொன்னார். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவர் சொன்னது நான் பிறந்த தோட்டம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள்; தங்கை மட்டும் அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, நாங்கள் வளர்ந்த அதே லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தாள். அவள் புருஷனைத்தான் மேனேஜர் பெட்டி தூக்கக் கொடுத்தார். நல்ல பலசாலி, எதிர்த்துப் பேச மாட்டார். தோட்டத்தில் ஆள் பொறுக்குவதற்கு இந்த இரண்டு குணமும் போதும்.

அந்தச் சரிவில் கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கி ஏற முடியாது. உர மூட்டை தூக்குவதைப்போல் சாக்கைப் போட்டு முதுகில் கட்டி ஏறினார். டாக்டரோடு போன மாணவன் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அவன் சட்டையில் பிலிம் பேட்ஜ் இருந்தது. உள்ளே ஒரு சின்னப் படச்சுருள். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று மாதக் கடைசியில் கழுவிப் பார்த்தால் தெரியும். டாக்டருக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. முதுகில் சுமப்பவனுக்கு இல்லை.

நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

"அவரு கூலி ஆளுப்பா. நம்ம ஸ்டாஃப் இல்ல. ரூல்ல எங்க இருக்கு?"

"கதிருக்கு ஸ்டாஃப் யாரு, கூலி யாருன்னு தெரியுமா சார்?"

முகம் சுளித்தார். ஆனால் மச்சானுக்கும் ஒரு பேட்ஜ் கொடுத்தார். அடுத்த முறை மாணவன் அதை எடுத்துப் போய் மச்சானிடம், "இது உங்க பாதுகாப்புக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்தச் சொல்லைத் தவிர வேறு எந்த விளக்கமும் இல்லை.

முதல் மாதப் படம் கழுவி வந்தது. டாக்டருடையது, மாணவர்களுடையது எல்லாம் வெளுத்து இருந்தன. மச்சானுடையது கறுத்திருந்தது. ஆளைக் கொல்லும் அளவு இல்லை. ஆனால் மாதத்தில் ஓரிரு நாள் பெட்டி தூக்குகிறவனுக்கு அவ்வளவு வரவே கூடாது.

டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அடுப்புப் பக்கத்துல வெச்சிருப்பான். சூட்டுல கெட்டுப் போச்சு. தோட்டத்து ஆளுங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லலப்பா" என்றார்.

"பெட்டி எங்க சார்?"

"மேலதான். தோட்டத்து உர ஸ்டோர்ல. ஒவ்வொரு தடவையும் அந்த வளைவுல ஏத்தி இறக்க முடியுமா? பையனுங்க காருக்குள்ள வெச்சு ஓட்டப் பயப்படறானுங்க."

காருக்குள் சில மணி நேரம் வைக்கப் பயந்தவர்கள், வாரக்கணக்காக அதை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் லீவு போட்டேன். தாப்பாவில் பஸ் மாறி, தானா ராத்தாவில் இறங்கி, தோட்டத்து லோரியில் தொற்றிக்கொண்டு போனேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். குளிருக்காகச் சமையல் கட்டை ஒட்டியே தொட்டில் கட்டியிருந்தார்கள். உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில். அதற்குள் எட்டு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு அடியில் அந்தக் கருவியின் மஞ்சள் பெட்டி. அதன்மேல் மடித்த சாக்கைப் போட்டு, தங்கை உட்கார்ந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே! சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

"எந்திரி."

"என்னண்ணே..."

"எந்திரிடி முதல்ல!"

எழுந்தாள். குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னேன். தூக்கும்போதுதான் பார்த்தேன். தொட்டில் கயிற்றில், கறுப்புக் கயிறும் ஊக்கும் போட்டு, பிலிம் பேட்ஜைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாவது மாதத்துக்கு வந்த புதுப் பேட்ஜ்.

"இது ஏன் இங்க இருக்கு?"

"பாதுகாப்புக்குன்னு குடுத்தாங்களாம்ண்ணே. அவருக்கு என்ன பாதுகாப்பு, எருமை மாதிரி இருக்காரு. பாப்பாவுக்குத்தானே வேணும்? அதான் கட்டிவிட்டோம். முதல்ல குடுத்ததையும் இங்கதான் கட்டியிருந்தோம்."

அப்படியென்றால் அந்தக் கறுத்த படம் மச்சானுடையது அல்ல. இந்தக் குழந்தையுடையது.

காப்பு என்று எது கையில் கிடைத்தாலும் வீட்டில் இருக்கிற சின்ன உயிருக்குத்தான் எங்கள் ஆட்கள் கட்டுவார்கள். தாயத்தானாலும் சரி, மசூதியில் மந்திரித்துக் கொடுத்த கயிறானாலும் சரி. அந்த மாணவன் இதில் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. அது காப்பாற்றாது, பட்டதை மட்டும் காட்டும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

மச்சான் வேலை முடிந்து வந்தார். சாக்கை உதறிக்கொண்டே, "வாங்க மச்சான்! கேஎல்லுல இருந்து வெறுங்கையோடவா? ஒரு மீன் டின்னாவது வாங்கியாந்திருக்கலாம்லா" என்றார்.

"இந்தப் பெட்டியை யாரு வீட்டுக்குள்ள வைக்கச் சொன்னா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? நான் தொறக்கல மச்சான். சாவி டாக்டருகிட்ட இருக்கு."

"உர ஸ்டோர்ல வைக்கச் சொன்னாங்களா இல்லையா?"

"ஸ்டோர் கணக்கு எழுதற கிராணி வைக்க விடல. உர மூட்டைக்கே எடம் இல்ல, கொண்டு போன்னுட்டாரு. போன மாசந்தான் ஸ்டோர் பூட்டை ஒடச்சு மருந்துப் பம்பைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. டாக்டரு என் கையிலதான் குடுத்தாரு. இதோட வெலைக்கு உன் ஏழு தலமொற ஒழைக்கணும், பத்திரம்னு சொன்னாரு. தொரை சாமான் காணாப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கவாத்துக் கத்தியோ மருந்துப் பம்போ, துரை கையில் கொடுத்தது காணாமல் போனால் கொடுக்கப்பட்டவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எல்லாமே வீட்டுக்குள் வரும். கட்டிலுக்கு அடியிலோ, சாமி படத்துக்குக் கீழேயோ, எப்போதும் ஒரு கண் படும் இடத்தில் இருக்கும். பிள்ளை இருக்கும் இடத்தில் எப்போதும் ஒரு கண் இருக்கும். அதனால் பெட்டி அங்கே போனது. மச்சான் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. தோட்டம் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாதது, சூடும் இல்லை, நாற்றமும் இல்லை, எப்படி நம்புவார்? ஆனாலும் என்னோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத பழைய பம்பு அறையில் வைத்தார். திருடு போகாமல் காவல் இருக்கிறேன் என்று வாசலிலேயே உட்காரப் போனார். நான் இழுத்துக்கொண்டு போய்த் தூரத்தில், தேயிலைச் செடி ஓரமாக ஓர் இடத்தைக் காட்டி, "இங்கேர்ந்து பார்த்தா போதும்" என்றேன். திரும்பிப் பம்பு அறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இம்மாந்தூரத்துல உக்காரணும்னா, எதுக்கு மச்சான் என் கையில குடுத்தானுங்க?"

தோட்டத்து ஆபீசிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டேன். மறுநாள் வந்தார். ஆபீஸ் வாசலில் மேனேஜர், டாக்டர், கிராணி மூவரும் நாற்காலியில். மச்சான் கீழே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் அவர் பக்கத்தில்.

"பெட்டி பூட்டித்தானே இருந்துச்சு. ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர்.

"அப்படின்னா கொண்டு போய் உங்க பிள்ளை கட்டிலுக்கு அடியில வைங்க சார்."

டாக்டர் மேனேஜர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மேனேஜர் மச்சானைப் பார்த்து நிதானமாகப் பேசினார். ஸ்டோரில் வைக்கச் சொன்ன சாமானை வீட்டுக்குத் தூக்கிப் போனது யார்? அதற்கு என்ன பெயர்? ஆஸ்பத்திரி, போலீஸ் என்று இது வெளியே போனால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வரும். போகாவிட்டால் வேலையும் வீடும் இருக்கும். வைக்க விடாமல் திருப்பி அனுப்பிய கிராணி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க எங்கயும் போகல தொரை" என்றார் மச்சான். கும்பிட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. நாற்காலியில் இருந்த மூவரையும் அறைவதற்குத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் தங்கை கேட்டாள். "அது பிள்ளைய என்ன பண்ணும்? நேராச் சொல்லுண்ணே."

"தெரியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ரொம்ப வருஷம் கழிச்சு ஏதாச்சும் வந்தாலும் வரலாம். இப்போதைக்கு ரத்தத்தைப் பார்த்தா, இப்ப கெட்டிருக்கா இல்லையான்னு தெரியும்."

அவள் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய் போட ஆரம்பித்தாள். மச்சான் கதவை மறித்து நின்றார்.

"நீ வெளிய போனா வீடு போயிரும்."

"வீட்டை நீ பார்த்துக்க. பிள்ளைய நான் பார்த்துக்கறேன்."

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. தனக்கு இந்த விஷயத்தில் அனுபவம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது: இப்போது கெடுதல் எதுவும் தெரியவில்லை, பின்னால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது. நான் பார்த்த படித்தவர்களில் தனக்குத் தெரியாது என்று சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த மாதம் முடிவதற்குள் மச்சானுக்கு வேலை போனது. திருட்டு என்று சொல்லவில்லை. ஆள் குறைப்பு என்றார்கள். வேலை போனால் லயத்தில் இருக்க முடியாது. திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பலகைக் கொட்டகை கிடைத்தது. அங்கே அவர் முதுகில் பூச்சிமருந்துப் பம்பு ஏறியது. சாமான் ஏற்றிவிட நான் போயிருந்தேன். லோரியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கா எங்கள வீட்ட விட்டுக் கெளப்பினீங்க?"

அடுத்த மூட்டையை எடுத்து லோரியில் ஏற்றினேன்.

பெட்டி என் அறைக்குத் திரும்பி வந்தது. குழந்தையின் படம் 'கெட்டுப்போனது' என்று கணக்கில் ஏறியது. நான் எதிர்த்தேன், கத்துகிற ஆள் கத்துகிறான் என்றார்கள். எண்பதுகளின் நடுவில் புதுச் சட்டம் வந்தது. எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். முதல் வகுப்பை எடுத்தவர் கருவி வாங்கிய அந்த டாக்டரேதான். எந்தப் பொருளும் நம் கண் பார்வையை விட்டுப் போகக் கூடாது என்றார். அப்போது அவர் பேராசிரியர். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வகுப்பை முடிக்கவில்லை என்று எனக்கு எச்சரிக்கை வந்தது.

குழந்தைக்குத் திரிங்காப்பில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மச்சான் தன் சித்தப்பா மகனை உட்கார வைத்தார். அவன் எந்த வகையில் மாமன் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நான் முட்டைக்கோஸ் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. நல்ல சத்தம், நல்ல மூச்சு. அதைத்தான் கவனித்தேன். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போதும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

சாப்பாடு போடும் நேரத்தில் தங்கை என்னிடம் வந்தாள்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கணும்ண்ணே?"

"அவ உயிரோட இருக்கற வரைக்கும்."

திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் இலையில் சோறு போட்டுக்கொண்டு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட சொல்லிராத. இப்பத்தான் ராத்திரியில தூங்க ஆரம்பிச்சிருக்காரு."