ஏழு எழுத்தைக் காணோம்

மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். பதினைந்து பேர் இருந்தால் அதிகம். எல்லோரிடமும் ஒரே மாதிரி சின்ன கம்ப்யூட்டர். வீட்டு டி.வி.யோடு இணைக்க வேண்டும். எழுதிய புரோகிராமை டேப் ரெக்கார்டர் வழியாகக் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. எனக்கு என் அத்தை பிள்ளை கொண்டுவந்தான். அப்போது நான் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பறையில் பெண் என்று நான் ஒருத்திதான்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. யாரும் புரோகிராமைப் பூட்டிக் கொண்டுவரக் கூடாது. எழுதிய வரிகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேசட்டில் எடுத்துப் போகலாம், மாற்றலாம். மாற்றினால் மட்டும், தான் எந்த ஊர், என்ன மாற்றினோம் என்று தலைப்பில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பெயர் போட்டால் சண்டை வரும் என்று ஊரோடு நிறுத்திக்கொண்டோம்.

நான் எழுதியது தமிழ் எழுத்துகளை அச்சடிக்கும் புரோகிராம். கிராஃப் தாளில் ஒவ்வொரு எழுத்தாகக் கட்டங்களை நிரப்பி, அதை எண்ணாக மாற்றி, மூன்று மாதம் உட்கார்ந்து செய்தேன். முலுண்டிலிருந்து வரும் பேங்க் ஆபீசரிடம்தான் பிரிண்டர் இருந்தது. அவர் அதை ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்து, என் அப்பாவின் பெயரை அச்சடித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே நாலைந்து பேர் பிரதி எடுத்துப் போனார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அதே ஆபீசர் ஒரு கேசட்டை நீட்டினார். "உங்க புரோகிராம் ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு. பாருங்கோ."

வீட்டில் ஏற்றிப் பார்த்தேன். தலைப்பில் என் வரிக்குக் கீழே மூன்று வரிகள் சேர்ந்திருந்தன. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்கள். விக்ரோலி: வேகம் கூட்டினேன். தாராவி: ஏழு எழுத்தை எடுத்துவிட்டேன், தேவை இல்லை. முலுண்ட்: ஓரத்தில் இடம் விட்டேன்.

தேவை இல்லையா? எந்த ஏழு?

தேடினேன். லை, ளை, ணை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை போல் சுழி போட்டு வரைந்திருந்தேன். ணா, றா, னா மூன்றும் கீழே கொக்கியாக மடங்கும். வீட்டில் அப்பா கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளைப் பார்த்துத்தான் நான் தமிழ் படித்தேன். அவற்றில் அப்படித்தான் இருக்கும். ஏழையும் காணோம். கையில் இருக்கும் ஐகாரக் கொம்பையும் துணைக்காலையும் கொண்டே ஒப்பேற்றியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஏழுதான் வரைய ரொம்பக் கஷ்டப்பட்டவை.

கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. யார் இது என்ற கேள்வி போகவில்லை. பேங்க் ஆபீசருக்குத் தெரியவில்லை. கேசட் கொடுத்தது விக்ரோலிக்காரர் என்றார். விக்ரோலிக்காரர் ஒரு ஃபாக்டரியில் டிராஃப்ட்ஸ்மேன். "லெதர் பேக் பட்டறை ஒண்ணு இருக்கு. என் மச்சான் அங்க பக்கிள் சப்ளை பண்றான். கேசட்டைக் கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் அவன்தான். ஆளை நான் பாத்ததில்ல" என்று சொல்லி, வழியை மட்டும் வரைந்து கொடுத்தார்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் தாராவி இருபது நிமிஷம். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிறேனே தவிர, அந்தச் சந்துகளுக்குள் காலை வைத்ததில்லை. பட்டறை வாசலிலேயே சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறியது. தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவரிடம், "கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதறவர் இருக்காரா?" என்றேன்.

அவர் ஏணியைக் காட்டினார். "மேல இருக்காக. ஏறிப் போங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். தாழ்வான மாடி. டி.வி., டேப் ரெக்கார்டர், சின்ன பிரிண்டர். அவற்றுக்கு முன்னால் தலையில் முக்காடோடு ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்; கீழே பசை தடவியவர் அவர் கணவர்.

நான் யார் என்று சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த எழுத்து போட்டது நீங்களா? ஆம்பளைன்னுல்லா நெனச்சேன்!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

கம்ப்யூட்டர் அவருடைய காக்கா கொண்டுவந்தது. அண்ணனைத்தான் அப்படிச் சொன்னார். எந்தப் பைக்கு எத்தனை துண்டு, என்ன அளவு என்று வெட்டுகிறவர்களுக்குத் தமிழில் பட்டியல் அடித்துக் கொடுக்கிறார். பட்டியல் நீண்டபோது மெஷினில் இடம் போதவில்லை.

"அதான் எடுத்தேன். அந்தத் தும்பிக்கை லை இப்ப ஊர்ல கிடையாதே. நாங்க படிக்கும்போதே கவருமெண்டுல மாத்திட்டாகளே, ஒங்களுக்குத் தெரியாதா?"

புது எழுத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். அச்சகத்தாரின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "எங்கப்பா இதைப் படிக்கவே மாட்டேன்பார்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் உடனே என் பழைய கேசட்டை ஏற்றிப் பழைய எழுத்தில் ஒரு சின்னப் பட்டியலும், புது எழுத்தில் அதே பட்டியலும் அடித்துக் கீழே கொண்டுபோனார். நரைத்த தாடியோடு தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் இரண்டையும் வாசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானம்மா, இதுல என்ன வித்தியாசம்?" என்றார்.

மேலே வந்து மறுபடி டி.வி. முன்னால் உட்கார்ந்தார். "ஒங்க அப்பாவுக்காக ரெண்டும் இருக்கட்டும். மொதல்ல புரோகிராமே பழசா புதுசான்னு கேக்கட்டும். பழசுன்னா மட்டும் அந்த ஏழையும் டேப்லருந்து தனியா ஏத்திக்கிடட்டும். இடமும் அடைக்காது."

எனக்கு அது தோன்றவே இல்லை. தேநீர் வந்து ஆறிப்போக, சாயங்காலம் வரை உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பிறகு நான் சொல்ல அவர் தட்டினார். இடையில், "இந்த எடத்துல எதுக்கு ஒண்ணும் செய்யாம நூறு வரைக்கும் எண்ணுது? எடுக்கப் பயந்து விட்டுட்டேன்" என்று கேட்டார். முலுண்ட் பிரிண்டர் மெதுவானது, அதற்காகக் காத்திருக்கிறது என்றேன். அவருடைய பிரதியில் மட்டும் அதை எடுத்ததும் பிரிண்டர் சடசடவென்று ஓடியது.

கூட்டத்துக்கு அழைத்தேன். பட்டறைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமைதான், ஞாயிறு வர முடியாது என்றார். தலைப்பு வரியை அவரே எழுதினார். தாராவியும் மாட்டுங்காவும்: பழசும் புதுசும்.

அடுத்த ஞாயிறு கேசட்டைக் கொடுத்ததும் பேங்க் ஆபீசர் படித்துவிட்டு, "தாராவிக்காரர் கெட்டிக்காரராத்தான் இருக்கணும். அவரை ஒரு நாள் கூட்டிண்டு வாங்கோ" என்றார்.

"அவர் பொம்பளை" என்றேன்.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்து, "அந்த ஏழு எழுத்தை டேப்பில எங்க வச்சிருக்கா? மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார்.