செமியாக்குணம் வந்த வயல்

பந்தியில் கடைசி ஆள் இலையை மூடுவதற்குள் ஈஸ்வரபாண்டி சாக்கை விரித்துவிடுவார். சின்னமனூர் வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் எச்சில் இலை அவருக்குத்தான். பாயசம் ஒட்டிய இலையை மட்டும் தனியாக எடுத்து மேலே வைப்பார்.

"நம்ம தின்னுட்டு ஏப்பம் விடுறோம். வயலு மட்டும் வெறும் மண்ணோட கெடக்கணுமாக்கும்?" என்பார்.

புது மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கும் மாமியாரைப் போலத்தான் அவர் வயலைக் கவனிப்பது. போதும் என்று சொல்லத் தெரியாத வயல் வேறு. கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் வெட்டிப்போட்ட கொடி, போடி ஏலக்காய்க் கடைகளில் கழித்த சண்டு, வீரபாண்டித் திருவிழா முடிந்து வாடிய மாலை எல்லாம் அவர் மொபெட்டில் வந்து இறங்கும். ஒருமுறை வேப்பங்குழையோடு யாருடைய மஞ்சள் துண்டோ உள்ளே போய்விட்டது. நடவுக்கு வந்த பெண்கள் அதை இழுத்துப் போட்டார்கள். "பாதி செமிச்சிருச்சு பாருங்க!" என்று மனிதர் பூரித்துப்போனார்.

லோயர் கேம்ப்பில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் இலைதழை மக்கும்வரை அவருக்குப் பொறுக்காது. பச்சையாகவே மிதித்துத் தண்ணீர் கட்டி நட்டுவிடுவார். இந்தப் போகம் பயிர் எழும்பவே இல்லை. இலையெல்லாம் துருப்பிடித்தது போலப் பழுப்புப் புள்ளி. "ரத்தம் பத்தல" என்று இன்னும் இரண்டு சாக்கு இலையை அமுக்கினார்.

வயல் அவர் மனைவி பவானியின் பெயரில் இருக்கிறது. "போன போகமும் இதே லட்சணம். இதுவும் வெளையலைன்னா தென்னங்கன்னு ஊண்டிருவேன்" என்று ஒரே போடாகப் போட்டார் பவானி. "தென்னைக்குப் போட்டா, தின்னுச்சா இல்லையான்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கணும்" என்று ஈஸ்வரபாண்டி புலம்பித் தீர்த்தார்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஜெனிபர் வந்து ஒரு பயிரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். கறுத்த வேர், அழுகிய முட்டை நாற்றம்.

"ஜிங்க் சத்து இந்த மண்ணுல இருக்குங்கய்யா. நீங்க பச்சையா அமுக்குனதெல்லாம் தண்ணிக்குள்ள அழுகி, அதைப் பிடிச்சு வச்சுக்கிருச்சு. பயிருக்கு விடமாட்டேங்குது. தண்ணிய வடிச்சுக் காயப் போடுங்க. பெறகு ஜிங்க் சல்பேட்டை மணல்ல கலந்து தூவலாம். அதுவரைக்கும் ஒரு எலைகூட உள்ள போகக்கூடாது."

"பட்டினி போடச் சொல்றாகளே!" ஈஸ்வரபாண்டி பவானியிடம் முறையிட்டார்.

"செமியாக்குணம் வந்தா வேறென்ன வைத்தியம்?" பவானி தாமே மடையை வெட்டிவிட்டார்.

வயல் காய்ந்து வெடிப்பு விட்டது. ஈஸ்வரபாண்டி வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டு சாப்பிட வரமாட்டேன் என்றார். "அது பட்டினி கெடக்கையில எனக்கு எறங்குமா?" பவானி அங்கேயே தூக்குவாளியைத் திறந்து, கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து நீட்டியதும் இறங்கத்தான் செய்தது.

மணலையும் ஜிங்க் சல்பேட்டையும் கலந்து பவானியே தூவினார். கணவரின் கையில் எதையும் கொடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. சில நாளில் குருத்து பச்சையாக எட்டிப் பார்த்தது. மறுபடி தண்ணீர் பாய்ச்சினார்கள்.

அன்றைக்கென்று பக்கத்துத் தோட்டத்துச் சுருளிவேலின் பசு, வரப்பில் ஆவி பறக்கச் சாணி போட்டுவிட்டுப் போனது. ஈஸ்வரபாண்டி இரண்டு கையாலும் அள்ளினார். வயலைப் பார்த்தார். கோடியில் மண்வெட்டியோடு நின்ற பவானியைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சுருளிவேலின் வாழைத்தூரில் அதை இறக்கி வைத்தார். கை கழுவ வாய்க்காலில் குனிந்தார். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, கையை வெள்ளை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார்.