பெயர் வெட்டிய கிண்ணத்தில் ஒரு ரப்பர் முட்டை

இட்லிப் பானையைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடி மட்டும் ஏன் வெள்ளையாகிறது, என் மனைவியின் கண்ணாடி ஏன் ஆவதில்லை என்பதுதான் நான் அந்தக் குழுவில் கேட்ட முதல் கேள்வி. மாலைக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஆவி, குளிர்ந்த கண்ணாடி, நீர்த்துளி என்று பலரும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கோ ஒரு காட்டில் நின்றுகொண்டிருந்த திருச்செங்கோட்டுக்காரர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: "அவங்க காலைல இருந்து அடுப்புகிட்டயே நிக்கறாங்க, அவங்க கண்ணாடி முன்னயே சூடாயிருக்கும். நீங்க ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டு நேரா சாப்பிட வந்திருப்பீங்க."

என் மனைவி அதைப் படித்துவிட்டு, இது நல்ல குழு என்றாள்.

அன்றாட அறிவியல் பேசுவதற்காகக் கைபேசியில் நடக்கும் குழு அது. பள்ளிபாளையத்தில் அறிவியல் டீச்சராக இருக்கும் ஒரு பெண்மணி நடத்துகிறார். நான் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில். அறிவியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு தொடர்பு அறுந்தது. குழுவில் சேர்ந்தது ஏழாவது படிக்கும் என் மகளுக்காக. அவளுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை சும்மா இருக்கமாட்டாள். மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துக் குத்தினால் கெட்டியாகுமா என்று அவள் ஒரு நாள் கேட்டாள். ஆகும். அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாலும் ஆகும். பிளம்பர் வந்துதான் எடுத்தார். அதன் பிறகு எந்தச் சோதனையாக இருந்தாலும் முதலில் குழுவில் கேட்பது என்று நான் ஒரு விதி வைத்தேன்.

முட்டையை வினிகரில் ஊறவைத்தால் ஓடு கரைந்து ரப்பர் பந்துபோல ஆகும் என்பதும் அப்படித்தான் கேட்கப்பட்டது. டீச்சர் செய்யலாம் என்றார். முட்டையிலிருந்து நுரை வருகிறதே, அது என்ன வாயு, வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தூங்கலாமா என்று நான் கேட்டேன்.

"சார், நீங்க சோடா குடிப்பீங்களா?" என்றார் டீச்சர்.

"எப்போதாவது."

"அதே வாயுதான் சார். முட்டை ஒரு சின்ன ஏப்பம் விடுது, அவ்வளவுதான்."

இருந்தாலும் நான் பாத்திரத்தை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்து, அன்னக்கூடையால் மூடி, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தேன். கல் எதற்கு என்று மகள் கேட்டாள். காக்கைக்கு என்றேன். ஏப்பம் பெரிதாகிவிட்டால் என்ற நினைப்பும் இருந்தது.

முட்டை சொன்னபடியே ஆனது. ஓடு போய், கொஞ்சம் ஊதி, உள்ளே மஞ்சள் கரு நிலாபோலத் தெரிய, அமுக்கினால் அமுங்கியது. எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைப்பானேன். கழுவி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, சமையலறை ஜன்னல் வெயில் படும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தேன். 'எங்கள் வீட்டு ரப்பர் முட்டை' என்று எழுதிக் குழுவில் போட்டேன். எவ்வளவு உயரத்திலிருந்து போட்டால் உடையும் என்று போர்வெல்காரர் கேட்டார். முழங்கால் உயரம் என்பது விடை. அதை என் மகள் கண்டுபிடித்த இடத்தை நான்தான் துடைத்தேன்.

கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மனைவியின் அண்ணன் கொடுத்தது. அவருக்கு நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு கிண்ணமும் வைத்துக் கொடுத்தார். நம் வழக்கப்படி அதில் பெயர் வெட்டியிருந்தது. 'அன்பளிப்பு' என்று தொடங்கி, பண்ணையின் பெயரை ஊரோடு சேர்த்து, விளிம்பைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக.

இரண்டு மூன்று நாள் கழித்து அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசைக்காரர் தன் டப்பாவிலிருந்த அவித்த முட்டையை எடுத்து மூடியின்மேல் தனியாக வைத்தார். "நீங்களும் சாப்பிடாதீங்க சார், இதப் பாருங்க" என்று கைபேசியை நீட்டினார். சிவப்பு வட்டம், சிவப்பு அம்புக்குறி. 'பிளாஸ்டிக் முட்டை. பண்ணைப் பெயரைப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். அனைவருக்கும் பகிருங்கள்.' வட்டத்துக்குள் எங்கள் முட்டை. அம்புக்குறியின் முனையில் மச்சானின் பண்ணைப் பெயர். விளிம்பைப் பிடித்தபடி என் கட்டைவிரல்.

அடுத்தவர் கைபேசியில் என் கட்டைவிரலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழுவிலிருந்து யார் எடுத்து வெளியே விட்டார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தேன். அப்போது மச்சானின் அழைப்பு வந்தது.

"மாப்ள, சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க மச்சான்."

"நம்ம கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்த கிண்ணம் உங்க ஊட்ல இருக்குதுங்களா?"

"இருக்குமுங்க."

"எவனோ ஒருத்தன் அதுல பிளாஸ்டிக் முட்டைய வெச்சுப் போட்டோ புடிச்சு உட்டுட்டான். பாலக்காட்டு யாவாரி, ஒரு சமாதானம் சொல்லாம லோடு ஏத்தாதீங்கன்னுட்டாரு. வண்டி நிக்குது. நாளைக்கும் முட்ட வருமுல்லங்க, கோழிய நிறுத்தச் சொல்ல முடியுமா? கிண்ணம் வாங்குன அத்தன பேருக்கும் போன் போட்டுட்டு இருக்கறேன். கிண்ணத்தப் போட்டோ எடுத்து அனுப்புங்க. எவன் ஊட்ல கிண்ணம் இல்லையோ அவன்தான்."

அந்த ஆராய்ச்சி முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழுவில் யாராவது அப்படி எழுதியிருந்தால் சுட்டிக்காட்டியிருப்பேன். அன்று சரிங்க மச்சான் என்று வைத்துவிட்டு, அரை நாள் விடுப்புச் சொல்லி வீட்டுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, எங்கண்ணன்தான, நேராச் சொல்லிப்போடுங்க" என்றாள் மனைவி. "கடிச்சா தின்னுருவாரு?"

நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், இப்போதைக்குக் கேட்டதை அனுப்புவோம் என்று எனக்குத் தோன்றியது. பயந்தவனுக்கு இப்படித்தான் தோன்றும். கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, சமையலறை மேடையில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். பள்ளியிலிருந்து வந்த மகள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்பா, ரெண்டுலயும் அதே லைட்டர். அதே உடஞ்ச டைல்ஸ். வெரலு கூட அதேதான்."

போன் அடித்தது.

"மாப்ள," என்றார் மச்சான். குரல் மிக அமைதியாக இருந்தது. "உங்க கட்டவெரல்ல அந்த மரு எப்ப இருந்து இருக்குதுங்க?"

"சின்ன வயசுல இருந்துங்க மச்சான்."

"அப்படியே இருங்க. வாரேன்."

அவர் வந்துசேரும்வரை நான் உட்காரவில்லை. கார் வந்து நின்றது. ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் ஓர் அட்டை நிறைய முட்டை. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அட்டையை மேடையில் வைத்தார்.

"எல்லாமே இன்னைக்குக் காலைல போட்டது. இதுல ஏதாச்சும் ஒண்ண எடுத்து ரப்பராக்கிக் காட்டுங்க பாக்கலாம்."

"ஒரு நாளுக்கு மேல ஆகுமுங்க மச்சான்."

"வண்டி நிக்குதுங்க மாப்ள."

மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணா, மொதல்ல இதக் குடிங்க. அவரு முட்டைக்கு மேல கல்லு வெச்சவரு. வேணும்னு செஞ்சிருப்பாரா?"

கல் கதையைக் கேட்டதும் மச்சானின் மீசை லேசாக அசைந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "பிளாஸ்டிக்குன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன் அம்முணி. தீவனத்துல கிளிஞ்சல் பத்தலைன்னா கோழி ஓடில்லாம இந்த மாதிரிதான் போடும். தோல் முட்டைன்னு தள்ளிருவோம். தொழில் தெரிஞ்சவன் எவனாச்சும் அந்தப் போட்டோவப் பாத்தா, இவன் கோழிக்குத் தீனியே போடறதில்லைன்னுல்ல நெனப்பான்."

அதற்குள் மகள் என் கைபேசியில் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். மாமா வந்திருக்கிறார், வண்டி நிற்கிறது, அப்பா வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது உட்பட. டீச்சர் வருத்தம் தெரிவித்தார். படத்தை வெளியே அனுப்பியவர் யாராக இருந்தாலும் வெட்கப்பட வேண்டும் என்றார். போர்வெல்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்: "முழுசாக் கரையிற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? வினிகர்ல போட்டதும் நுரை வருமுல்ல, அத வீடியோ எடுங்க. பக்கத்துலயே ஒரு பிளாஸ்டிக் சாமானையும் போடுங்க. அதுல வராது. ரெண்டும் ஒரே படத்துல தெரியோணும்."

பிளாஸ்டிக் சாமானுக்கு நான் பாட்டில் மூடியைத் தேடினேன். மகள் கட்டிலுக்கடியில் புகுந்து பழைய சொப்புச் சாமான் பெட்டியை இழுத்துவந்து கொட்டினாள். குட்டி கேஸ் அடுப்பு, குட்டி வாணலி, அதோடு வெள்ளை வெளேரென்று முழு அளவில் ஒரு முட்டை.

எல்லோரும் அதைப் பார்த்தோம். மச்சான் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பிளாஸ்டிக் முட்டை இருந்தது உங்க ஊட்லதானுங்களா மாப்ள?" என்றார்.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் வினிகர் ஊற்றினோம். அந்தக் கிண்ணமும் நடுவில் இருக்க வேண்டும் என்றார் மச்சான். வேண்டாமே என்றேன். "போன பேரு அதே கிண்ணத்தோடதான் திரும்பி வரோணும்" என்று சொல்லிவிட்டார். மனைவி படம் எடுத்தாள். மச்சான் தலையைச் சீவிக்கொண்டு பொம்மை முட்டையைக் கையில் பிடித்து, "வணக்கமுங்க. இதுதானுங்க பிளாஸ்டிக் முட்டை" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றேன். "அந்த ஒரு வரிய மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பினா என்ன ஆகும்? பண்ணைக்காரரே ஒப்புக்கிட்டாருன்னு போடுவாங்க."

எனக்கு அப்படித்தான் யோசனை ஓடும். மச்சான் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இவரு சொல்றதும் சரிதான் அம்முணி" என்றார். அந்த வீட்டில் என் பயத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அடுத்த முறை நிஜ முட்டையிலிருந்து தொடங்கினார். டம்ளரில் போட்டதும் அது மேலெல்லாம் முத்து முத்தாகக் கொப்புளம் பூசிக்கொண்டது. பொம்மை முட்டை மூழ்கவே இல்லை. மச்சான் விரலால் அமுக்கிப் பிடித்தார். விட்டால் மேலே வந்தது.

"அழுகுன முட்டையாட்ட மெதக்குது பாருங்க. நம்மது உக்காந்திருக்குது. பிளாஸ்டிக்கு நொரைக்காதுங்க, கிளிஞ்சல் தின்ன கோழியோட ஓடுதான் நொரைக்கும்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னபோது அவர் குரலில் ஒரு தனிப் பெருமை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நிஜ முட்டை தானாக மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. "அட, சுத்துது" என்றார். அதுவும் பதிவாகியது.

அனுப்பினோம். பாலக்காட்டிலிருந்து பதில் வரும்வரை மகள் பொம்மை முட்டையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் வியாபாரியின் குரல் பதிவு வந்தது. மலையாளம் கலந்த தமிழில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வினிகர் எந்தக் கடையில் கிடைக்கும், பையன் இப்போதே செய்து பார்க்க வேண்டும் என்கிறான். பின்குறிப்புபோல, வண்டியை அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

மச்சான் அங்கிருந்தே பண்ணைக்குப் போன் செய்து வண்டியைக் கிளம்பச் சொன்னார். பிறகு உட்கார்ந்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு இதே நேரத்துக்கு இது தோல் முட்டையாயிருமுங்களா? போட்டோ அனுப்புங்க மாப்ள." எழுந்து இரண்டடி போய்த் திரும்பினார். "பேரு வெட்டாத தட்டத்துல வெச்சு."

மறுநாளே அவரும் குழுவில் சேர்ந்துவிட்டார். கோழிக்கு வினிகர் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருடைய முதல் கேள்வி. டீச்சர் தயவுசெய்து வேண்டாம் என்று பதில் எழுதினார். நடுவில் ஒரு முட்டை எமோஜியைப் போர்வெல்காரர் போட்டார். இப்போது மச்சானும் போர்வெல்காரரும் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே பேசிக்கொள்கிறார்கள்.

எனக்குத்தான் இன்னும் படபடப்பு நிற்கவில்லை. யார் எந்தப் படம் அனுப்பினாலும் முதலில் பாத்திரத்தின் விளிம்பைப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள், மஞ்சள் தண்ணீரில் சோப்பு போட்டால் சிவப்பாகுமா என்று ஆரம்பித்தாள். குழுவில் கேட்டாகிவிட்டது. ஆகும், ஆபத்தில்லை. பெயர் வெட்டாத பாத்திரம் ஒன்று எடுத்துக்கொள் என்றேன்.

அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. சொம்பில் மனைவியின் பெரியம்மா பெயர். தட்டில் மாமனார் பெயரும் ஊரும். கரண்டிக்காம்பில்கூட யாரோ ஒருவரின் இனிஷியல். ஒரு தூக்குப்போசியில் எங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு குடும்பத்தின் பெயர். அதை எப்போது யாரிடமிருந்து வாங்கித் திருப்பித் தராமல் விட்டோம் என்று மனைவி யோசிக்க ஆரம்பித்தாள். கடைசியில் நான் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக் கொடுத்தேன். தேங்காயில் யாரும் பெயர் வெட்டுவதில்லை.

மஞ்சள் தண்ணீர் சோப்புப் பட்டதும் ரத்தம்போலச் சிவந்தது. நன்றாகவே இருந்தது. பின்னணியில் லைட்டர் இல்லை, டைல்ஸ் இல்லை, என் விரல் இல்லை என்று பார்த்துப் பார்த்து ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

முதல் பதில் மச்சானிடமிருந்து வந்தது.

"போன வாரம் நான் குடுத்து உட்ட நம்ம தோட்டத்துத் தேங்காயுங்களா மாப்ள?"

நான் படத்தை அழித்துவிட்டேன்.