நான்கு எடைக்கல்லும் ஐந்தாம் வகுப்பும்

ஓசூருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் தமிழில் நடக்கும். சண்டை தெலுங்கிலும் கன்னடத்திலும் நடக்கும். நான் மூன்று மொழியிலும் அடி வாங்கியவன். ஐந்தாம் வகுப்பிலேயே ஒல்லியானவன் நான்தான்.

ஒருநாள் ஆசிரியர், மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து எங்களை எடை போட்டுச் சராசரி பார்ப்பார் என்றார். சராசரி என்றால் என்னவென்று வீட்டில் மாமாவைக் கேட்டேன். பொய் சொல்வதில் அவருக்கு இருந்த சுறுசுறுப்பு வேறு எந்த வேலையிலும் இருந்ததில்லை.

"அது ஒரு அளவு மாப்ள. அதுக்குக் கொறஞ்சவனக் கீழ் வகுப்புக்குத் தள்ளிடுவாங்க. உன் தங்கச்சி பக்கத்துலயே எடம் போட்டுருவாங்க, கவலப்படாத."

நான்காம் வகுப்பில் இருந்த தங்கை அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோறு எடையைக் குறைக்குமே என்று ஞாபகம் வந்து, மறுபடி உட்கார்ந்து இரண்டு உருண்டை களி தின்றேன். அதுவும் போதாதென்று காலையில், வீட்டில் புளி நிறுக்கும் ஒரு ராத்தல் எடைக்கற்கள் நான்கை நிக்கர் பைகளில் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

புளி மண்டியிலிருந்து இரவல் வாங்கிய பெரிய தராசு வேப்பமரத்தில் தொங்கியது. முப்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றோம். பின்னால் நின்ற முனியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏண்டா, நிக்கர ரெண்டு கையிலயும் புடிச்சிக்கினு நிக்கற?"

"வவுத்து வலி."

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் உரக்கச் சொன்னார்: எந்த வகுப்பின் சராசரி ஐம்பது ராத்தலுக்குக் குறைவோ, அந்த வகுப்புக்குத் தினமும் பால்பவுடர் பால். நான்காம் வகுப்புக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதாம். தங்கை ஜன்னல் வழியாக நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"எல்லாரோட எடையயும் கூட்டித் தலைக்கு இவ்வளவுன்னு போடறதுதான்டா சராசரி" என்று ஆசிரியர் விளக்கினார்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. தலைக்கு இவ்வளவா? அப்படியானால் என் பையிலிருக்கும் நான்கு ராத்தல் ஒவ்வொருவன் தலையிலும் நான்கு நான்காக ஏறிவிடுமே! வகுப்பின் பால் முழுவதும் என் நிக்கருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கற்களை எடுத்தால் நான் தங்கை பக்கத்தில். எடுக்காவிட்டால் முப்பத்தொரு பேரின் பால் போச்சு.

"சார், ஒண்ணுக்கு!"

சுவருக்குப் பின்னால் ஓடி நான்கு கற்களையும் புல்லில் போட்டேன். அந்த நிமிடம் நான் செய்த தியாகத்துக்கு எனக்கே கண் கலங்கியது. திரும்பி வந்து தட்டில் உட்கார்ந்தேன். முப்பத்தொன்பது ராத்தல். எல்லோரும் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நான்காம் வகுப்பு பெஞ்சை நினைத்தேன்.

கூட்டி முடித்து ஆசிரியர் அறிவித்தார்: "நாப்பத்தெட்டு. நமக்கும் பால் உண்டு. போங்கடா, அவங்கவங்க எடத்துல ஒக்காருங்க."

அவரவர் இடம்! மாமாவின் பொய் அங்கேயே செத்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. ஓடிப்போய்க் கற்களை அள்ளி வந்து, மரத்தடியில் போட்டிருந்த ஆசிரியர் மேசைமேல் வரிசையாக வைத்தேன்.

"சார், இத நான் எடுத்து வெக்கலன்னா அம்பத்திரண்டு ஆயிருக்கும் சார்!"

நாற்பத்தெட்டும் நான்கும் ஐம்பத்திரண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. முனியப்பன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். தராசைச் சுற்றி மூன்று மொழியிலும் என் பெயர் முழங்கியது. தங்கை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ், நான்கு ராத்தலை முப்பத்திரண்டு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு இரண்டு அவுன்ஸ்தான் என்று எனக்கு விளங்க ஐந்தாறு வருடம் ஆயிற்று. அன்றைக்கு ஆசிரியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தோள்மேல் இருந்த என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பெருமையில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.