அக்காவுக்கு இல்லாத ஓட்டு

இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று ஓட்டு எண்ணி முடித்த அன்று, இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் டொபி மிட்டாய் கொடுத்தார்கள். கொடுத்தவர் என் அப்பா. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒன்றியம் என்றால் என்ன, விலகினால் யாருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: தன் மகன் வெள்ளைக்காரன் தேசத்தில் ஓட்டுப் போட்டிருக்கிறான். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறந்த மண்ணிலேயே நாடற்றவனாக இருந்து, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்ததில் அவருடைய அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். இவர் இங்கே மிஞ்சினார். இவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் ஓட்டுப் போடும் நாளில் அப்பா காலையிலேயே முழுகி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தோட்டத்து ஸ்கூல் வாசலில் முதல் ஆளாக நிற்பார்.

என் அக்கா சின்ன வயதிலேயே இத்தாலிக்குப் போனவள். இந்தப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் சிலர் வீட்டு வேலைக்குப் போனபோது அவர்களோடு சேர்ந்து போனாள். படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் கழுவித் துடைத்து, பாஷையைப் படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, ஒரு மகளையும் பெற்று, கடைசியில் இத்தாலிப் பாஸ்போட்டும் எடுத்தாள். மகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் குடிமாறிப் போய், ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். தம்பி படிக்கிற விசாவில் அவளிடம்தான் போய் இறங்கினான். படிப்பைவிடச் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்ததுதான் அதிகம். அக்கா வீட்டில் சாப்பாடு, அக்கா வீட்டில் படுக்கை.

அந்த ஓட்டில் ஒரு கூத்து இருந்தது. இத்தாலிப் பாஸ்போட் வைத்திருக்கிற அக்காவுக்கு அதில் ஓட்டுக் கிடையாது. அவளைப் போன்றவர்களை வைத்திருப்பதா வேண்டாமா என்பதுதான் நாடு முழுக்கப் பேச்சு, ஆனால் அவளைக் கேட்கமாட்டார்கள். நேற்றுப் போய் இறங்கிய தம்பிக்கு ஓட்டு இருந்தது. இலங்கை ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் ஆண்ட நாடு, அதனால் இலங்கைப் பாஸ்போட்டுக்கு அந்த உரிமையாம். எங்கள் பாட்டன்மாரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து மலையில் கொட்டிய பாவத்துக்குப் பரிகாரம் போலிருக்கிறது.

அவனுடைய பெயரைப் பதியவைத்தவளே அக்காதான். அவனுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அன்று காலை அவனை எழுப்பித் தேநீர் கொடுத்து, "எனக்கும் சேத்துப் போட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பியதாக அவளே என்னிடம் சொன்னாள். சொன்னபோது சிரித்தாள்.

முடிவு வந்த அன்று சாயங்காலம் தம்பி வீடியோ கோல் எடுத்தான். நான் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தேன். அப்பா போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவன் போட்ட பக்கம் ஜெயித்ததா என்றுதான் முதலில் கேட்டார்.

"ஜெயிச்சிட்டோம்ப்பா" என்றான்.

எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். விலகுகிற பக்கம்தான் என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்குப் பின்னால் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அகப்பை பிடித்த கை அப்படியே நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் இரண்டு பைக்கட் டொபி வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். வாங்கியவர்களும் எதற்கு என்று சரியாகக் கேட்காமலே வாயில் போட்டுக்கொண்டார்கள்.

நான் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். அடுத்த சில நாட்கள் அங்கே இதே பேச்சுதான். இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் நியாயம் சொன்னார்கள். முதலாளி சிங்களவர், தங்கமான மனிதர், என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் சிங்களத்தில் கூப்பிடுவார். அவரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செய்தது நல்ல வேலை, ஒவ்வொரு நாடும் அந்த நாட்டு ஆட்களுக்குத்தான், வந்தவர்கள் வந்த இடத்துக்குப் போகட்டும் என்றார். என் முகத்துக்கு நேரேதான் சொன்னார். அவர் மனதில் நான் வரவே இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்த எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மேல். "ஹரி முதலாளி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டுத் தலையை ஆட்டினார். இனக்கலவரத்தில் எங்கள் லயத்துக்கு நெருப்பு வைத்தபோது அவருடைய அம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரப்பர் மலைக்குள் ஓடி ஒளிந்த கதையைத் தோட்டமே சொல்லும். வந்த இடத்துக்குப் போ என்று அன்றைக்கு யாரைச் சொன்னார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கல்லாவுக்கு முன்னால் வைத்துக் கேட்க முடியவில்லை. மாத்திரையைச் சுற்றி அவர் கையில் வைத்தேன்.

அக்கா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் நல்லாத்தான் இருக்கோம் என்பாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்த மகள்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். அவளுக்கு இத்தாலி மொழிதான் வாயில் முதலில் வரும். பஸ்ஸில் தாயும் மகளும் அதில் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். பின்சீட்டில் இருந்தவன் எழுந்து வந்து, ஓட்டுப் போட்டாயிற்று, இன்னும் மூட்டை கட்டவில்லையா என்று கேட்டானாம். பஸ் முழுக்க ஆள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா பஸ்ஸில் மகளைப் பேச விடுவதில்லை. இத்தாலியும் வேண்டாம், தமிழும் வேண்டாம், சும்மா இரு என்கிறாளாம்.

நாட்டு நிலைமை சரியில்லாத நாட்களில் அவிசாவளை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் அம்மா எங்கள் இருவருக்கும் சொல்லி ஏற்றியதும் அதேதான்: வாயைத் திறக்காதீர்கள், கேட்டால் சிங்களத்தில் பதில் சொல்லுங்கள். அந்த வாழ்க்கை மகளுக்கு வேண்டாம் என்றுதான் அக்கா இரண்டு நாடு தாண்டிப் போனாள்.

அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மகன் போட்ட ஓட்டு இதுதான், நீங்கள் டொபி கொடுத்தது இதற்குத்தான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர், அவன் ஒரு ஓட்டாலயா எல்லாம் ஆச்சு, பையன் விவரம் தெரியாமப் போட்டிருப்பான் என்றார். மகன் என்றால் விவரம் தெரியாத பையன். அதே வயதில் அக்கா அந்நிய நாட்டில் மலம் அள்ளி இந்த வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்றினாள். அவளை யாரும் விவரம் தெரியாத பிள்ளை என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வாரம் நான் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா தம்பியை வீட்டை விட்டு அனுப்பவுமில்லை. சமைத்தாள், போட்டாள். ஆனால் அவனிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று மகள் சொன்னாள். தன் குடும்பத்துக்கு இனி அங்கே இருக்க இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல், யார் எதைச் சொன்னாலும் நம்பி, பயந்து பயந்து நாட்களை ஓட்டினாள். இத்தாலியில் இருந்த வீட்டை விட்டுவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக அங்கேயும் ஒன்றும் இல்லை.

மறு வருஷம் தம்பிக்கு விசா நீட்டிக் கிடைக்கவில்லை. பெட்டியோடு வந்து சேர்ந்தான். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வந்த அன்று சோறு போட்டுக்கொண்டே கேட்டேன், ஏன்டா அப்படிப் போட்டாய் என்று. அப்பாவும் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவன் வேலை செய்த கடைக்கு ஓட்டுக் கேட்டு வந்து பேசியவர்களைப் பற்றிச் சொன்னான். ஐரோப்பாக்காரன் விசா இல்லாமல் வந்து வேலையை எடுத்துக்கொள்கிறான், அவனை நிறுத்தினால் உங்கள் ஊர் ஆட்களுக்குக் கதவு திறக்கும் என்றார்களாம். கடையில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்களாம். அப்போ அக்கா, என்று கேட்டேன்.

"அக்காவ நெனச்சா போட்டேன்? வெளியாளுங்கள நெனச்சுத்தான் போட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை வெறிபிடிக்க வைத்தது. கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டேன், குழம்பு அவன் சட்டையில் தெறித்தது.

அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். அக்காவுக்குக் கோல் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள், தலைமுடியை முடிந்துகொண்டே பேசினாள். அப்பா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அங்க பயந்துகிட்டுக் கெடக்காதம்மா. வந்துரு. ஒன் வீடு இருக்கு, ஒன் நாடு இருக்கு."

அக்கா முடிந்துகொண்டிருந்த முடியை அப்படியே விட்டுவிட்டாள். எனக்கு அவள் சொல்லப்போவது தெரியும். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று முன்பே என்னைக் கெஞ்சியிருந்தாள். இனி மறைக்க அவளுக்கும் தெம்பில்லை போல.

"வர்றதுன்னா விசா எடுத்துத்தான் வரணும்ப்பா. இத்தாலி பாஸ்போட் எடுத்தப்பவே இலங்கப் பிரஜாவுரிமை போயிருச்சு. அங்கயும் எனக்கு ஓட்டு இல்ல."

அப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்கிற குரலில் மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளைக்கு விடுவாங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொன்னது நான்தான். முப்பது நாள் என்றேன். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, தம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன்.