மூங்கில் பள்ளத்து ஆறுமணிக் குருவி

அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட் ஸெய்னுலாப்தீனுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்து அது அவருடையதாகிவிட்டது. கழுத்தில் பைனாகுலர், தோளில் ஒரு பை, பைக்குள் மனைவி சித்தி றலியா கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும், பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி. நகரத்துக்கு மேலே இருக்கும் காட்டுக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போய்க் குருவி காட்டுவதுதான் அவருடைய தொழில். “குருவி காட்டுறதும் ஒரு தொழிலா மருமகன்?” என்று அவருடைய மாமனார் மௌத்தாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். சந்தேகம் தீராமலேயே மனுசன் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு முன்பு ஸெய்னுலாப்தீன் கண்டிப் பட்டணத்தில் ஒரு சப்பாத்துக் கடையில் நின்றவர். பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணயர, இவர் காட்டுக்குள் ஏறிவிடுவார். காடென்றால் பெரிய காடில்லை. ஒரு சுற்று நடந்து வந்தால் தேத்தண்ணி குடிக்கத் தோன்றும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய்விட்டால் பஸ் ஹோர்ன் கேட்காது. மூங்கில் உரசும், குரங்கு கிளை தாவும், காலில் அட்டை ஏறும். அந்த நடையில்தான் அவர் ஆறுமணிக் குருவியோடு பழகினார்.

குளிர்காலத்தில் வடக்கே இந்தியாவிலிருந்து வரும் குருவி அது. ஒக்டோபரில் வந்து இறங்கும், ஏப்ரலில் போய்விடும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. இத்தனை நிறத்தை உடம்பில் பூசிக்கொண்டு, காய்ந்த சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். விடியலில் ஆறு மணி சுமாருக்கு ஒரு தடவை, அந்தியில் ஆறு மணி சுமாருக்கு ஒரு தடவை இரண்டு சுரமாக விசிலடிக்கும். மற்ற நேரத்தில் இருக்குமிடமே தெரியாது. காட்டுக்குள் இருக்கும் குளத்துக்கு மேலே உள்ள மூங்கில் பள்ளத்துக்கு அது வருடா வருடம் தவறாமல் வந்தது.

ஸெய்னுலாப்தீன் அந்த விசிலை வாயாலேயே கூவப் பழகினார். கூவினால் குருவி ஒரு தடவை எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டு, ‘ஓ, இவரா’ என்பது மாதிரி திரும்பவும் சருகைக் கிளறப் போய்விடும். வழி தவறி நின்ற ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதிக்கு ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் இன்னும் நாலு பேரை அனுப்பினார்கள். அந்த நாலு பேர் இன்னும் பலரை அனுப்ப, சப்பாத்துக் கடை முதலாளியிடம் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

றலியா அந்தத் தொழிலில் பாதிப் பங்கு. அட்டைக் காலுறை தைத்துக் கொடுத்தது அவள்தான். முழங்கால் வரைக்கும் வரும், நெருக்கமான துணி, மேலே நாடா போட்டு இறுக்கிக் கட்டலாம். விளிம்பில் சவர்க்காரம் தேய்த்துவிட்டால் அட்டை ஏறாது. நூற்றுக்கணக்கில் தைத்திருப்பாள். ஜெர்மன்காரன் காலுக்கு, கொழும்புப் பிள்ளைகள் காலுக்கு, ஜப்பான் கிழவிகள் காலுக்கு என்று அளவு கேட்டுக் கேட்டுத் தைத்தாள். அவள் காலுக்கு மட்டும் ஒரு சோடி தைக்க வேளை வரவில்லை.

ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவள் கேட்பாள். “வந்திட்டா உங்கட ஆள்?”

“வந்திட்டு. நேத்து அந்தியில கூவினது.”

“ஒரு நாளைக்கி என்னையும் கூட்டிப் போங்களே. அப்பிடி என்ன அழகெண்டு நானும் பாக்கணும்.”

“அடுத்த ஞாயித்துக்கிழம போவம்.”

ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த அடுத்த ஞாயிறு இருபது வருடமாக அடுத்த ஞாயிறாகவே இருந்தது. கெட்ட மனுசன் இல்லை அவர். வீட்டில் இருக்கிறவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் எத்தனையோ நல்ல மனுசர்கள் கோட்டை விடுகிறார்கள்.

இதற்கிடையில் காட்டுக்குள் போன் வந்தது. குருவிக் குரலைப் பதிந்து வைத்து, சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் குருவியை வெளியே வரவைக்கும் வித்தையை மற்ற வழிகாட்டிகள் செய்யத் தொடங்கினார்கள். வாயால் கூவுகிறவரிடம் வந்தவர்கள் காத்திருக்க வேண்டும். ஸ்பீக்கர்காரரிடம் போனால் பத்து நிமிடத்தில் படம். ஸெய்னுலாப்தீன் ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒரு நவம்பர் விடியலில், சளியும் தானுமாகப் பள்ளத்து விளிம்பில் குந்தியிருந்து, தன் குருவியின் குரலைத் தானே போனில் பதிந்துகொண்டார். மூன்றாவது கூவலுக்குப் பிறகு அடக்க முடியாமல் ஒரு இருமல் வந்துவிட்டது. அதை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியவில்லை. குருவிக்கு இருமலா முக்கியம் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு இரவும் சாப்பிட்ட பிறகு, ஸ்பீக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார். றலியா தையல் மெசினுக்கு முன்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

வாயால் கூவியபோது குருவிக்கு ஆள் யாரென்று தெரிந்திருந்தது. ஸ்பீக்கரில் கேட்டது அதனுடைய சொந்தக் குரல். தன் இடத்துக்குள் இன்னொருத்தன் புகுந்துவிட்டான் என்று அது பதறிக்கொண்டு ஓடி வந்தது. நெஞ்சை நிமிர்த்தி இங்கே தாவும், அங்கே தாவும், இல்லாத எதிரியைத் தேடும். சுற்றி நின்றவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். காலையில் ஒரு கூட்டம், பகலில் ஒரு கூட்டம், அந்தியில் ஒரு கூட்டம்.

பாதை கூட்டுகிற இராமகிருஷ்ணன் ஒரு நாள் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுன் வேலைக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஸெய்னுலாப்தீனை அண்ணன் முறையில் ‘நானா’ என்பார்.

“நானா, கோவிச்சுக்காதீங்க. அது கடல் தாண்டிப் பறந்து வந்து மெலிஞ்சு கெடக்கு. திங்க விடாம சும்மா சும்மா சண்டைக்கிக் கூப்புடுறீங்களே.”

“ஒரு நிமிசம்தானே போடுறேன், இராமு.”

“ஒங்களுக்கு ஒரு நிமிசம். அதுக்கு நாள் முழுக்க.”

ஸெய்னுலாப்தீன் சிரித்துச் சமாளித்தார். அன்று பின்னேரம் போட்டபோது குருவி வந்தது. தாவவில்லை, நெஞ்சை நிமிர்த்தவில்லை. ஸ்பீக்கருக்கு நேரே ஒரு கல்லில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. இறகு கலைந்து கிடந்தது. கிட்ட நின்று படம் எடுக்கலாம் என்று எல்லோருக்கும் சந்தோசம். அவர் மட்டும் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். ஆனாலும் ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் பிற்பாடு அவரால் மறக்க முடியவில்லை.

அடுத்த ஒக்டோபரில் பள்ளம் பேசாமல் கிடந்தது. அதற்கடுத்த ஒக்டோபரிலும் அப்படித்தான். ஸெய்னுலாப்தீன் ஸ்பீக்கர் போடுவதை விட்டார். கூட்டிவந்தவர்களுக்குக் கிளியையும் மரங்கொத்தியையும் காட்டிச் சமாளித்தார். “இனி ஸ்பீக்கர விட்டு என்ன நானா, கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்” என்று சொல்ல வந்த இராமகிருஷ்ணன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். றலியாவின் சங்கதி அவருக்கும் தெரியும்.

றலியாவுக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் ஏறிய சீனி கண்ணில் இறங்கியிருந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்க ஏலாமல் போனது. பிறகு அளவு நாடாவின் இலக்கம் தெரியவில்லை. இடது கண் போனது போனதுதான் என்றார் டொக்டர். வலது கண்ணில் இருப்பதை முடிந்த வரைக்கும் இழுத்துப் பார்ப்போம், அடுத்த ஒக்டோபர் மழை வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்று ஸெய்னுலாப்தீனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். றலியா கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது நல்ல கூர்மை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவர் தானாகவே சொன்னார். “நாளைக்கிக் காட்டுக்குப் போவம்.”

“நாளைக்கி ஞாயித்துக்கிழமையா?”

“இல்ல. புதன்கிழம.”

“அப்ப உண்மையாத்தான் செல்றீங்க” என்றாள்.

ஜனவரி மாதம். குருவி இருக்க வேண்டிய காலம்தான். அட்டைக் காலுறை ஒரு சோடி அலுமாரியில் மிச்சம் கிடந்தது, ஏதோ ஜெர்மன்காரனின் அளவு. றலியா அதை மாட்டித் தொடை வரைக்கும் இழுத்து நாடாவை இறுக்கிக்கொண்டு, “நான் தச்சதெண்டு செல்லவே ஏலா, நல்லாத்தான் இரிக்கி” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். காட்டு வாசலில் இராமகிருஷ்ணன் எழுந்து நின்றார். “வாங்க ராத்தா. அவசரமில்லாம பாத்துட்டு வாங்க, நான் வாசல்லயே நிக்கிறேன்.”

மூங்கில் பள்ளத்துக்குப் போய்ச் சேர பின்னேரம் ஐந்தே முக்காலாகிவிட்டது. அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு வேராகத் தாண்ட வைத்தார். ஒரு கல்லில் சாக்கை விரித்து உட்கார வைத்தார். ஆறு மணியானது. பள்ளத்தில் சருகு அசையவில்லை. ஆறு ஐந்து. மேலே கிளி ஒன்று கத்திக்கொண்டு போனது. றலியா முகத்தைத் தூக்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளை வருகையைப் பார்த்திருப்பவள் மாதிரி இருந்தது அந்த முகம். ஸெய்னுலாப்தீனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு வேளைக்கு இருக்கட்டும் என்று கொண்டு வந்த ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

முதல் கூவல் வந்தது. அவள் உடம்பு நிமிர்ந்தது.

“கேக்குதா?” என்றார். “அந்தா, அந்த மூங்கிலடியில. பச்ச முதுகு, நீலத் தோளு. தெரியுதா?”

இரண்டாவது கூவல். அவள் மெல்லக் கையை உயர்த்தி, பொறுங்க என்பதுபோல ஒரு விரலைக் காட்டினாள். மூன்றாவது கூவலும் முடிந்தது.

“இப்ப இருமுவீங்க” என்றாள்.

சட்டைப் பைக்குள் நவம்பர் மாதத்துச் சளி இருமியது.

ஸெய்னுலாப்தீன் ஸ்பீக்கரை நிறுத்தினார். அவர் நிறுத்திய பிறகு காட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

“நான்தான் புள்ள அதத் தொரத்தின” என்றார். அழுகை வந்துவிட்டது. “ஊர் ஒலகத்துக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டித் தொரத்திட்டேன். ஒனக்கு ஒரு நாள் காட்டல்ல.”

“சரி, அழாதீங்க. வாயால கூவுங்களே. முந்தி கூவுவீங்கதானே. அந்தச் சத்தம் எனக்கு விருப்பம்.”

அவர் உதட்டைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. நனைத்துக்கொண்டு திரும்பவும் குவித்தார். விசில் பாதியில் உடைந்தது. ஏழெட்டு வருடமாக போன்தான் கூவியது. வாய்க்கு அந்தக் கூவல் மறந்துபோயிருந்தது. மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டார்.

இருட்டும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். குருவி கூவவில்லை. திரும்பி நடக்கையில் அவள் எதிலும் தடுக்கி விழாமல் இருக்க, அவர் போன் வெளிச்சத்தை அவள் காலடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டடியில் இராமகிருஷ்ணன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாங்கைத் துடைத்துக் கொடுத்தார். றலியா வாங்கில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி, மண்ணை உதறி, நாலாக மடித்து அவரிடம் நீட்டினாள்.

“இதக் கழுவிப் பத்திரமா வைங்க. இந்த முற இல்லாட்டி அடுத்த ஒக்டோபர்ல வந்து பாப்பம்.”

டொக்டர் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருபது வருடமாக அவர் அவளுக்குச் சொன்ன மாதிரியே, அதே இதமான குரலில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காலுறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, வருவம்” என்றார்.